முர்னாவின் ‘4 டெவில்ஸ்’: தீயில் போனதா, கைவிட்டுப் போனதா?

ஊமைப்படப்பித்தன் | #1

‘சன்ரைஸ்’ இழையில் பேச்சு முர்னாவின் தொலைந்துபோன ‘4 டெவில்ஸ்’ பக்கம் திரும்பிவிட்டது. அங்கேயே தொடர்ந்தால் பிறகு தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது என்பதால் தனி இழை.

எப். டபிள்யூ. முர்னாவ் ஜெர்மனியில் இருந்து ஹாலிவுட் வந்து ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு எடுத்துக் கொடுத்தவை மொத்தம் மூன்று படங்கள். முதல் படம் ‘சன்ரைஸ்’ (1927), மூன்றாவது ‘சிட்டி கேர்ள்’ (1930). இரண்டையும் இன்று நல்ல பிரிண்டில் பார்க்கலாம். நடுவில் வந்த ‘4 டெவில்ஸ்’ (1928) மட்டும் அடியோடு காணாமல் போயிற்று. ஒரு ரீல்கூட மிச்சமில்லை.

கதை டென்மார்க் எழுத்தாளர் ஹெர்மன் பாங் எழுதியது. கொடுமைக்கார சர்க்கஸ் முதலாளியிடம் சிக்கிய நான்கு அநாதைக் குழந்தைகளை ஒரு கிழட்டுக் கோமாளி காப்பாற்றி வளர்க்கிறார். பெரியவர்களானதும் நால்வரும் அந்தரத்தில் பார் விளையாடும் ‘4 டெவில்ஸ்’ குழுவாகிறார்கள். அதில் சார்லஸும் மரியனும் காதலிக்கிறார்கள். சர்க்கஸ் பார்க்க வரும் பணக்காரச் சீமாட்டி ஒருத்தி சார்லஸை வளைத்துப் போடுகிறாள். மரியன் மனம் உடைந்து மேலே ஏறுகிறாள். கீழே வலை இல்லை.

மரியனாக ஜேனட் கெய்னர், சார்லஸாக சார்லஸ் மார்ட்டன், மற்ற இருவராக நான்சி ட்ரெக்செலும் பேரி நார்ட்டனும். சீமாட்டி மேரி டங்கன். கோமாளி ஜே. ஃபாரல் மெக்டானல்ட். 1928 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கின் கெயிட்டி தியேட்டரில் முதல் காட்சி.

இப்படி ஒரு படம் எப்படி மொத்தமாகத் தொலையும்? அதைத்தான் பேச வேண்டும்.

வெள்ளித்திரைக்கோவை | #2

இதில் பேச என்ன இருக்கிறது சார்? 1937 தீ விபத்துதான். ஜூலை 9, நியூ ஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற சிற்றூர். ஃபாக்ஸ் தன் பழைய படங்களை அங்கே ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருந்தது. செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டி, தீப்பிடிக்காது என்று நம்பிய கட்டடம். கடும் வெயில் காலம். பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டது. உள்ளே காற்றோட்டம் கிடையாது. அதிகாலை இரண்டு மணிக்கு மேல், எளிதில் தீப்பிடிக்கும் அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே பற்றிக்கொண்டது. 40,000க்கும் மேற்பட்ட ரீல்கள் போயின. பக்கத்து வீட்டில் இருந்து ஓடிவந்த 13 வயதுச் சிறுவன் தீக்காயத்தில் இறந்தான்.

ஊமைப்பட நட்சத்திரம் தீடா பாராவின் படங்களில் பெரும்பகுதி போனது அந்தத் தீயில்தான். ‘4 டெவில்ஸ்’ஸும் அப்படியே. முடிந்த கதை.

நைட்ரேட் | #3

@வெள்ளித்திரைக்கோவை, தீ உண்மை. ஆனால் அதோடு கதை முடியவில்லை. ஒன்றை யோசியுங்கள்: ‘சன்ரைஸ்’ஸின் மூல நெகட்டிவும் அதே தீயில்தான் எரிந்தது. அந்தப் படத்தை நாம் இன்று பார்க்கிறோமே, எப்படி? வேறு இடத்தில் இருந்த ஒரு பிரிண்டை வைத்துப் புதிய நெகட்டிவ் எடுத்தார்கள்.

அதே கம்பெனி, அதே டைரக்டர், அதே கதாநாயகி, ஒரே வருட வித்தியாசம். ஒன்றுக்கு வெளியே பிரிண்ட் இருந்தது, மற்றதற்கு இல்லை. தீ இரண்டுக்கும் பொது. அதனால் வித்தியாசம் தீயில் இல்லை, அதற்கு முன்னால் நடந்ததில் இருக்கிறது.

வெள்ளித்திரைக்கோவை | #4

முன்னால் என்ன நடந்தது என்கிறீர்கள்?

நைட்ரேட் | #5

பேசும் படம் வந்தது. 1927 அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’. ஒரு வருடம் கழித்து ‘4 டெவில்ஸ்’ கெயிட்டியில் ஓடும்போதே ஊமைப்படத்துக்கு நாள் குறித்தாயிற்று. படம் ஊமைதான், பிலிம் ஓரத்தில் பதிந்த மூவிடோன் இசையும் சில ஒலிகளும் உண்டு, பேச்சு கிடையாது. 1929இல் ஃபாக்ஸ் என்ன செய்தது தெரியுமா? நடிகர்களைக் கூப்பிட்டுப் பேசும் காட்சிகளைப் புதிதாக எடுத்து ஒட்டியது. முர்னாவ் அதில் கை வைக்கவில்லை. வேறு ஆட்கள் எடுத்தார்கள்.

பிறகு வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று பாருங்கள். 1931, 32இல் எந்த தியேட்டர்காரன் ஊமைப்படம் கேட்பான்? கதையின் உரிமை மட்டும்தான் சொத்து. பிலிம் என்பது இடத்தை அடைக்கிற, இன்சூரன்ஸ் செலவு வைக்கிற, எப்போது வேண்டுமானாலும் பற்றிக்கொள்கிற சரக்கு. உள்ளே இருக்கும் வெள்ளிக்காக உருக்கப் போட்ட கம்பெனிகள் பல. லிட்டில் ஃபெர்ரியிலேயே, தீ அணைந்த பிறகு எரிந்த பிலிமை 57 லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள், வெள்ளி எடுக்க. ஒரு டப்பாவுக்கு சுமார் 5 சென்ட் தேறும் என்பது கணக்கு. தீடா பாராவின் கிளியோபாட்ராவுக்கும் 5 சென்ட்தான்.

ஆபரேட்டர்தாத்தா | #6

தம்பி நைட்ரேட் சொல்வதோடு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். நான் ஆபரேட்டர் ரூமில் இருந்த காலத்தில் நைட்ரேட் போய், எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிம் வந்துவிட்டது. அதனால் நெருப்பு பயம் அவ்வளவாக இல்லை. ஆனால் எங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் நைட்ரேட் ஓட்டியவர். ரூமுக்குள் யார் பீடியோடு வந்தாலும் கெட்ட வார்த்தைதான். தண்ணீருக்குள் போட்டாலும் அது எரியும் என்பார். பிற்பாடு படித்தபோது அது நிஜம் என்று தெரிந்தது. எரியத் தேவையான ஆக்சிஜன் அந்த பிலிமுக்குள்ளேயே இருக்கிறது. வெடிமருந்துப் பஞ்சு என்பார்களே, ரசாயனத்தில் அதன் பங்காளி.

எரியாவிட்டாலும் அது நிற்காது. முதலில் படம் மங்கும். அப்புறம் பிசுபிசுவென்று சுருள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். டப்பாவைத் திறந்தால் தேன் மாதிரி வடியும். கடைசியில் பழுப்புப் பொடி. அசிடேட்டுக்கு வேறு வியாதி, வினிகர் வாடை அடித்துச் சுருங்கும். அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, பிரிண்ட் எங்கள் சொத்து இல்லை. ஓட்டி முடித்ததும் பெட்டியைக் கட்டி அனுப்ப வேண்டியதுதான். அமெரிக்காவிலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

நைட்ரேட் | #7

அதேதான் ஐயா. பிரிண்டை விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுவார்கள். ஓட்டம் முடிந்தால் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அழித்ததற்கு அத்தாட்சி கொடுக்க வேண்டும். திருட்டு ஓட்டத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு. ஒழுங்காக நடந்துகொண்ட தியேட்டர்களால்தான் படங்கள் அதிகம் அழிந்தன என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

ரீல்பெட்டி | #8

எல்லோரும் மேரி டங்கனை மறந்துவிட்டீர்களே! அந்தச் சீமாட்டிதான் இந்த விஷயத்தில் முக்கியக் குற்றவாளி என்று ஒரு பேச்சு உண்டு.

வில்லியம் கே. எவர்சன் என்ற சினிமா வரலாற்றாசிரியர் சொன்னது இது. ஃபாக்ஸிடம் மிஞ்சியிருந்த ஒரே பிரிண்டை மேரி டங்கன் பார்க்க வேண்டும் என்று இரவல் வாங்கினார். அது திரும்பி வரவே இல்லை, அவரிடமே தொலைந்துவிட்டது. டங்கன் 1933இல் ஸ்டீபன் சான்ஃபோர்ட் என்ற போலோ ஆட்டக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு சினிமாவை விட்டவர். பெரிய பணக்கார வீடு. ஃபுளோரிடாவில் பாம் பீச்சில் இருந்தார், 1993 வரை உயிரோடு இருந்தார். இந்தப் பேச்சு உண்மையென்றால் 1937 தீயில் படம் முழுதாக அழியவில்லை என்று ஆகிறது. @வெள்ளித்திரைக்கோவை அண்ணனின் ‘முடிந்த கதை’ அங்கேயே அடிபடுகிறது.

சந்தேகப்பேர்வழி | #9

இதை எப்படி நம்புவது? ‘அவர் இவரிடம் சொன்னார்’ என்கிற ரகம். ஒரே பிரிண்டை எந்த ஸ்டுடியோவாவது கையில் தூக்கிக் கொடுக்குமா?

ரீல்பெட்டி | #10

கொடுக்கும். அதுதான் ‘ஒரே பிரிண்ட்’ என்று இன்று நமக்குத் தெரிகிறது. அன்று அது ஷெல்ஃபில் கிடந்த பழைய ஊமைப்படம். கேட்டது அந்தப் படத்திலேயே நடித்த நடிகை, ஊரில் பெரிய இடத்து மருமகள். எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் எந்த குமாஸ்தாவும் சொல்லியிருப்பார்.

பெர்லினில் உள்ள சினிமா ஆவணக் காப்பகத்தின் மார்ட்டின் கோர்பர்கூட, டங்கனின் வாரிசுகளிடம் இன்னும் இருக்கலாம் என்று சொன்னதாக மேற்கோள் வருகிறது. அதனால் வெறும் டீக்கடைப் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

ஆபரேட்டர்தாத்தா | #11

அம்மா, ஃபுளோரிடா என்கிறீர்கள். கடற்கரை ஊர். உப்புக்காற்று, புழுக்கம். நைட்ரேட்டை அங்கே ஒரு வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் வாரிசுகள் திறக்கும்போது மேலே சொன்ன பொடிதான் இருக்கும். பிலிமுக்கு வேண்டியது குளிரும் உலர்ந்த காற்றும்.

சந்தேகப்பேர்வழி | #12

சரி, அது போகட்டும். எனக்கு வேறு ஒரு கேள்வி. இங்கே இருக்கும் யாரும் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. பிறகு எதை வைத்துப் ‘பேரிழப்பு’ என்கிறீர்கள்? கதையைப் படித்தால் சாதாரண மெலோடிராமா. நல்ல பெண், கெட்ட பெண், நடுவில் புத்தி கெட்ட பையன். தொலைந்துபோனதாலேயே பெரிய படம் ஆகிவிட்டதோ? இன்று கிடைத்துப் பார்த்தால் சப்பென்று இருக்கலாம். தொலைந்த படங்களுக்கு யாரும் கெட்ட விமர்சனம் எழுதுவதில்லை.

ஊமைப்படப்பித்தன் | #13

நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

கதை மெலோடிராமாதான். ஆனால் ‘சன்ரைஸ்’ கதையும் அதேதானே? கிராமத்துப் புருஷன், நல்ல பெண்டாட்டி, பட்டணத்துக்காரி மயக்குகிறாள், பெண்டாட்டியை ஏரியில் தள்ளிவிடச் சொல்கிறாள். எழுதிக் காட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். படத்தில் அந்தப் புருஷன் நிலவொளியில் சதுப்புநிலத்தைத் தாண்டிப் பட்டணத்துக்காரியைப் பார்க்கப் போவான். கேமரா அவன் பின்னாலேயே போகும், வேலியைத் தாண்டும், ஒரு இடத்தில் அவனை விட்டுவிட்டுப் புதரை விலக்கிக்கொண்டு அவனுக்கு முன்பே அவளிடம் போய்ச் சேரும். அந்த ஒரே ஷாட்டில் ஆசை, திருட்டுத்தனம், குற்றவுணர்ச்சி எல்லாம் வந்துவிடுகிறது. முர்னாவிடம் கதை என்பது கேமரா எப்படி நகர்கிறது என்பதுதான்.

அப்படிப்பட்ட ஆளிடம் சர்க்கஸையும் அந்தர ஊஞ்சலையும் கொடுத்தால் என்ன செய்திருப்பார்? ஏற்கெனவே 1925இல் ஜெர்மனியில் டூபாண்ட் இயக்கிய ‘வெரைட்டி’ என்ற பார் விளையாட்டுப் படம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் வேறு. ஒளிப்பதிவு செய்த எர்னஸ்ட் பால்மர் இந்தப் படத்துக்கும் ‘ஸ்ட்ரீட் ஏஞ்சல்’ படத்துக்கும் சேர்த்து இரண்டாவது ஆஸ்கர் விழாவில் பரிந்துரைக்கப்பட்டார். அன்று பார்த்த தொழில்காரர்களின் சாட்சி அது.

சப்பென்று இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ‘இருக்கலாம்’ என்று மட்டுமே சொல்ல முடிகிற நிலையில் நம்மை வைத்திருப்பதுதான் இழப்பு.

சந்தேகப்பேர்வழி | #14

கடைசி வரி நன்றாக இருக்கிறது, பதில் அரைகுறை. பரிந்துரை வாங்கிய மட்டமான ஒளிப்பதிவுகள் எத்தனையோ உண்டு.

நைட்ரேட் | #15

@சந்தேகப்பேர்வழி, உங்கள் கேள்வியையே இன்னும் கூர்மையாக்கலாம். நாளைக்கே ஒரு பிரிண்ட் கிடைக்கிறது என்று வையுங்கள். எந்த ‘4 டெவில்ஸ்’?

கெயிட்டியில் ஓடியது ஒன்று. 1929இல் பேச்சு ஒட்டிய பிரிண்ட் இரண்டாவது. பல தியேட்டர்களில் இன்னும் ஒலிக்கருவி வராத காலம் என்பதால் பேச்சில்லாத பிரதியும் புழக்கத்தில் இருந்திருக்கும். முடிவிலும் இழுபறி. ஹெர்மன் பாங்கின் கதையில் பொறாமையால் அவளே அவனை விழவைத்துக் கொன்றுவிட்டுத் தானும் குதித்துச் சாகிறாள். படத்தில் மரியன் விழுகிறாள், ஆனால் பிழைத்துக்கொள்கிறாள், சார்லஸ் திருந்துகிறான். ஸ்டுடியோவுக்கு சுபம் வேண்டும். ரசிகருக்கு நல்லதோ கெட்டதோ, பாங் அதை எழுதவில்லை.

கிடைப்பது பேசும் பதிப்பாக இருந்தால், முர்னாவ் எடுக்காத வசனக் காட்சிகளோடுதான் அவர் படத்தைப் பார்ப்போம்.

ரீல்பெட்டி | #16

‘சிட்டி கேர்ள்’ விஷயம் இதற்கு நேர்மாறு, கவனித்தீர்களா? அதற்கும் ஃபாக்ஸ் இதே வேலையைச் செய்தது. முர்னாவ் 1929இல் பாதியில் விலகிப் போனதும் வேறு ஆட்களை வைத்துப் பேச்சுக் காட்சிகளைச் சேர்த்து 1930இல் வெளியிட்டது. அங்கே தொலைந்தது பேச்சு சேர்த்த பதிப்பு. முர்னாவின் ஊமைப் பதிப்பு ஃபாக்ஸின் கிடங்கிலேயே 1970 வாக்கில் ஆட்களின் கண்ணில் பட்டது. அதன் கதாநாயகியும் இதே மேரி டங்கன்தான்! ஒரு படத்தைத் தொலைத்தார் என்ற பழி, இன்னொரு படத்தில் பிரமாதமான நடிப்பு.

கம்பெனி தன் கிடங்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நாற்பது வருடம் உட்கார்ந்திருந்தது.

கடைசிபெஞ்ச் | #17

நான் புதுசு. போட்டோக்கள் நிறைய இருக்கிறது என்கிறார்கள், ஸ்கிரிப்ட்டும் இருக்கிறதாம். அப்படியானால் ஏஐ வைத்து மொத்தப் படத்தையும் மீட்டுவிடலாமே? எதற்கு இவ்வளவு அழுகை?

நைட்ரேட் | #18

தம்பி, அந்த போட்டோக்கள் படத்தின் பிரேம்கள் அல்ல. விளம்பரத்துக்காக ஸ்டில் போட்டோகிராபர் தனி கேமராவில் எடுத்தவை. ஷாட் முடிந்ததும் நடிகர்களை நிற்கவைத்து, விளக்கைக் கொஞ்சம் மாற்றி எடுப்பார்கள். செட் எப்படி இருந்தது, உடை என்ன, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை அவற்றில் பார்க்கலாம். கேமரா எங்கே ஆரம்பித்து எங்கே போய் நின்றது, ஒரு ஷாட் எத்தனை நொடி ஓடியது, எந்த இடத்தில் வெட்டினார்கள், எதுவும் தெரியாது. முர்னாவ் படத்தில் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நம் சந்தேகப்பேர்வழி சொன்ன மெலோடிராமா மட்டும்.

ஏஐ செய்யும் படம் ஏஐ செய்த படமாகத்தான் இருக்கும். அதை முர்னாவ் தலையில் கட்டுவது 1929இல் ஃபாக்ஸ் செய்த அதே வேலை.

கடைசிபெஞ்ச் | #19

இவ்வளவு கோபம் வேண்டாம் அண்ணே. தொலைந்துபோன ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தை அப்படி ஸ்டில் வைத்தே செய்து டிவியில் போட்டார்களே?

ஊமைப்படப்பித்தன் | #20

கோபம் இல்லை, அவர் எழுத்தே அப்படி.

நீங்கள் சொல்வது சரி. 2002இல் ரிக் ஷ்மிட்லின் அதைச் செய்தார், டிசிஎம் சேனலில் வந்தது. ஸ்டில்களை வரிசையாக வைத்து, டைட்டில் அட்டை போட்டு, இசை சேர்த்தார்கள். அதில் ஏமாற்று இல்லை, பார்ப்பது ஸ்டில் என்று எல்லோருக்கும் தெரியும்.

‘4 டெவில்ஸ்’ஸுக்கு ஜேனட் பெர்க்ஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். படத்தைத் திரும்பச் செய்கிறேன் என்று கிளம்பாமல் தடயங்களை மட்டும் அடுக்கினார். ஸ்டில்கள், செட் ஓவியங்கள், திரைக்கதை இவற்றை வைத்து 2003இல் ஒரு டாகுமென்டரி. எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. அதில் வரும் செட் ஓவியங்களைப் பாருங்கள். கரியில் தீட்டிய கூடாரம், மேலே விளக்குகளின் வட்டம், அதற்கும் மேலே புள்ளி புள்ளியாக மனிதர்கள். ஆட்டக்காரர் கண்ணுக்குக் கூட்டம் எப்படித் தெரியும் என்று யோசித்தே வரைந்திருக்கிறார்கள்.

நிலவறை | #21

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்காக டேவிட் பியர்ஸ் 2013இல் ஒரு அறிக்கை கொடுத்தார். 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள ஊமைப்படங்கள் கிட்டத்தட்ட 11,000. அவற்றில் முதலில் வந்த அதே வடிவில், 35 மி.மீ. பிலிமில் முழுசாக இருப்பது 14 சதவீதம். வெளிநாட்டுப் பிரதி, சின்ன அளவு பிலிம், அரைகுறை என்று எல்லாம் சேர்த்தாலும் 30 சதவீதம் தாண்டவில்லை. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலேயே ஒரு படம் முழுசாக இல்லை: லூபிட்ஷின் ‘தி பேட்ரியட்’, அதுவும் 1928தான். டிரெய்லரும் துண்டுகளும்தான் மிச்சம்.

அப்படிப் பார்த்தால் ‘4 டெவில்ஸ்’ விதிவிலக்கு இல்லை. ‘சன்ரைஸ்’தான் விதிவிலக்கு.

வெள்ளித்திரைக்கோவை | #22

@நிலவறை, இது யோசிக்க வைக்கிறது. அப்படியானால் ‘சன்ரைஸ்’ தப்பித்தது எப்படி?

நைட்ரேட் | #23

பெயர். முதல் ஆஸ்கர் விழாவில் மூன்று விருது: கலைத்தன்மை மிக்க படம், ஒளிப்பதிவு, ஜேனட் கெய்னரின் நடிப்பு (அவருக்கு மூன்று படங்களுக்கும் சேர்த்து). நியூயார்க்கில் நவீன கலை அருங்காட்சியகம் சினிமாவுக்கென்று பிரிவு தொடங்கியதே 1935இல்தான். பாரிஸ் சினிமாதெக் 1936. அதாவது லிட்டில் ஃபெர்ரி எரியும்போது, படத்தைப் பாதுகாக்கும் இந்த இடங்களுக்கு ஓரிரு வயதுதான். அந்தக் குறுகிய காலத்தில் யாரும் போய்க் கேட்பதென்றால் பெயர் பெற்ற படத்தைத்தான் கேட்பார்கள். முர்னாவ் இருந்திருந்தால் தானே கேட்டிருப்பார். 1931 மார்ச்சில் சாண்டா பார்பரா பக்கம் கார் விபத்தில் போய்விட்டார், தன் கடைசிப் படமான ‘டாபு’வின் முதல் காட்சிக்கு ஒரு வாரம் முன்னால்.

ஆபரேட்டர்தாத்தா | #24

இனி கிடைக்க வழியே இல்லையா?

நிலவறை | #25

இல்லை என்று சொல்ல மாட்டேன் ஐயா. நம் ஊரில் ஏ சென்டர், பி சென்டர் ஓட்டிவிட்டு, கோடு விழுந்த பிரிண்ட் கடைசியில் சி சென்டருக்கு வருமே, அந்தக் காலத்தில் உலகத்துக்கே நியூசிலாந்து ஒரு சி சென்டர். அங்கே போய்ச் சேரும்போது பிரிண்ட் கிழடாகிவிடும். கப்பலில் திருப்பி அனுப்பும் செலவு பிரிண்டின் மதிப்பைவிட அதிகம். அதனால் அங்கேயே விட்டுவிட்டார்கள். 2010இல் நியூசிலாந்து காப்பகத்தில் இருந்து 75 அமெரிக்கப் படங்கள் திரும்பி வருவதாக அறிவித்தார்கள். அதில் ஜான் ஃபோர்டின் ‘அப்ஸ்ட்ரீம்’ (1927) உண்டு. கவனியுங்கள், அதுவும் ஃபாக்ஸ் படம், அதுவும் தொலைந்ததாக நினைத்தது. முர்னாவ் ஃபாக்ஸில் இருந்த நேரத்தில் ஃபோர்ட் எடுத்தது.

கனடாவின் டாசன் சிட்டியில் 1978இல் மண்ணைத் தோண்டும்போது 533 ரீல்கள். பழைய நீச்சல்குளத்தை மூடப் போட்டு நிரப்பியிருந்தார்கள், உறைபனி காப்பாற்றியது. ஜெர்மன் ஊமைப்படம் ‘மெட்ரோபோலிஸ்’ஸின் காணாமல் போன காட்சிகள் 2008இல் புவனோஸ் அயர்ஸில். எனவே தேட வேண்டியது பாம் பீச் வீட்டை அல்ல, கடைசி சென்டர்களை என்பது என் கட்சி.

ரீல்பெட்டி | #26

பாம் பீச் வீட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 😄

சந்தேகப்பேர்வழி | #27

என் கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை என்றாலும், நைட்ரேட்டும் நிலவறையும் சொன்ன ‘விதிவிலக்கு’ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மேரி டங்கனை முதலில் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். ‘சிட்டி கேர்ள்’ எப்படி, பார்க்கும்படி இருக்குமா?

ரீல்பெட்டி | #28

தாராளமாகப் பாருங்கள். சிகாகோ ஹோட்டலில் சர்வராக வேலை பார்க்கும் பெண், சாப்பிட வந்த மினசோட்டா விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊருக்குப் போகிறாள். ஊர் வந்ததும் இருவரும் கோதுமை வயலுக்குள் ஓடுவார்கள், கேமராவும் கூடவே ஓடும். #13இல் பித்தன் சொன்னது என்னவென்று அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். டங்கன் முகத்தில் அலுப்பும் கிண்டலும் எப்படிக் கலந்து வருகிறது என்று பாருங்கள், அப்புறம் ‘4 டெவில்ஸ்’ சீமாட்டியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

ஊமைப்படப்பித்தன் | #29

பெர்க்ஸ்ட்ரோம் டாகுமென்டரியைத் தனியாகத் தேட வேண்டாம். ஃபாக்ஸ் வெளியிட்ட ‘சன்ரைஸ்’ டிவிடியில் கூடுதல் பகுதியாக இருக்கிறது. பிற்பாடு மற்ற கம்பெனிகள் போட்டவற்றில் எல்லாவற்றிலும் கிடையாது, வாங்குமுன் பின்னட்டையைப் பார்த்துவிடுங்கள்.